ஸ்கேலம்மா எழுதிக் கொடுத்தது

ஜூன் 3

பட்டாணிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உறை மேலே இருக்கும் முத்து முத்தான கையெழுத்து என் தங்கை மகளுடையது. உள்ளே இருக்கிற கோணல் எல்லாம் என்னுடையது. அஞ்சாவதோடு நின்ற கை இவ்வளவுதான் ஓடும்.

உனக்கு எழுதுவதில்லை என்று ஏழு மாதம் வைராக்கியமாக இருந்தேன். பேருந்து நிலையத்தில் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. உன் அண்ணன் போய் ஐந்தாவது நாள் நீ இஸ்திரி மேசைக்குத் திரும்பப் போனாய், அதுவும் அந்த ஸ்கேலம்மா கீழேயே. உன் உடம்பில் ஓடுவது ரத்தமா, துணிக்குப் போடுகிற கஞ்சித் தண்ணீரா என்று கேட்டேன். அதை இன்னும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உன்னை விட்டால் இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தேன். எண்பது கட்டில், ரெண்டு துவைக்கிற மெஷின், பெரிய ஜன்னல். வேலைக்கு வருகிறவருக்கு மாடியில் ஒரு சின்ன அறையும் உண்டு. எனக்கு வேலையைவிட அந்த அறைதான் வேண்டும். இங்கே தங்கை மகள் படிக்கிற அறையில், அவள் மேசைக்கு அடியில் காலை நீட்டித்தான் படுக்கிறேன். "எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துக்கோக்கா" என்று தங்கை சொல்கிறாள். முதல் மாதம் ஒரு தடவை சொன்னாள். இப்போது வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா.

இல்லத்து அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்து மடிக்கச் சொன்னாள். மடித்தேன். நாலு மூலையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்றாள். ஆஸ்பத்திரித் துணிக்கூடம், பதினாலு வருஷம் என்றேன். உடனே ஒரு படிவத்தை எடுத்தாள். பழைய இடத்து மேலாளர் அதை நிரப்பி நேராக அவர்களுக்கே அனுப்ப வேண்டுமாம். எத்தனை வருஷம் வேலை செய்தார், நம்பிக்கையானவரா, எதனால் நின்றார். ஜூன் முப்பதுக்குள் வந்தால் வேலை எனக்கு. வராவிட்டால் அடுத்த ஆளுக்கு.

"உங்க மேனேஜர் எப்படி? நல்லா எழுதித் தருவாங்களா?"

என்ன சொல்ல. கையில் மர ஸ்கேலோடு பதினாலு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் நடந்தவள். மடிப்பு ஒரு ஸ்கேல் நீளத்துக்கு ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் அடுக்கையே கலைத்துப் போட்டு, "பிரி. மறுபடி" என்று ரெண்டே வார்த்தை பேசுகிறவள். அந்தக் கூடத்தில் அவளுக்கு ஸ்கேலம்மா என்றுதான் பெயர் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா.

ஏன் நின்றீர்கள் என்றும் கேட்டாள். "வீட்டுக்காரர் தவறிட்டார்" என்றேன். அதற்கு மேல் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது. வேலைக்குள் நுழையும்போதே எல்லாரும் போனை அணைத்து அதில் போட வேண்டும், பெட்டி அவள் அறையில் பூட்டியிருக்கும், ஐந்து மணிக்குத்தான் திறப்பாள் என்று. உன் அண்ணன் ரொட்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மூடிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து ஏழு தடவை என்னைக் கூப்பிட்டார் என்று. நான் போனை அணைக்கவே பயப்படுகிறவள், அணைத்தால் மறுபடி உயிர் வராதோ என்று துண்டில் சுற்றிப் போடுகிறவள், அதனால் அது பெட்டிக்குள் அடித்துக்கொண்டே கிடந்தது என்று. சுவருக்கு இந்தப் பக்கம், துணி உலர்த்தும் மெஷின் இரைச்சலில், நான் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன் என்று.

அன்றைக்கு வெளியே வந்தவள்தான், மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை. "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று அவள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், என் பிழைப்பு முடிந்தது.

படிவம் அங்கே வந்ததா, அவள் அதை என்ன செய்தாள், இதை மட்டும் பார்த்துச் சொல். எனக்காக அவளிடம் வாய் திறக்காதே. போன் போடாதே. அந்த மணிச் சத்தம் எனக்கு ஆவதில்லை. என் போன் ஒரு துணிப்பையில் செத்துக் கிடக்கிறது.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இஸ்திரி மேசையிலேயே வைத்துப் படித்தேன். ஓடுவது கஞ்சித் தண்ணீர்தான். நாள் முழுக்க நீராவியில் நிற்கிறவளுக்கு வேறு என்ன ஓடும். ஏழு மாதமாக உங்களுக்கு ஒரு நல்ல பதில் யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் முதலில் எழுதிவிட்டதால் அது வீணாகப் போயிற்று.

படிவம் வந்துவிட்டது. மஞ்சள் உறை. ஸ்கேலம்மா அதைப் பிரித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மறுபடி படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். பிறகு அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார். ஒருத்தியின் அடுக்கையும் கலைக்கவில்லை. உங்கள் பக்கத்து மேசைக்காரி என் காதில், "என்னடி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

மறுநாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"உங்க அண்ணி இப்ப எங்க இருக்காங்க?"

"தங்கச்சி வீட்டுல."

"சாப்பிடறாங்களா?"

அண்ணி, அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நாம் யாராவது கேட்டிருக்கிறோமா. நான் வாயைப் பிளந்தபடி நின்றதில் இஸ்திரிப் பெட்டி ஒரு டாக்டர் கோட்டின் கை மேல் அப்படியே நின்றுவிட்டது. லேசாகக் கருகிவிட்டது. அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தகரப் பெட்டி இப்போது இல்லை. நீங்கள் போன மறு வாரமே அதை எடுத்துவிட்டார். மடிக்கிற மேசைகளுக்கு எதிர்ச் சுவரில் ஆளுக்கு ஒரு துணிப்பை தைத்துத் தொங்கவிட்டிருக்கிறார். போன் அதில் இருக்க வேண்டும், அணைக்கவும் கூடாது. நாள் முழுக்க யாருடைய போனாவது பாடிக்கொண்டே இருக்கிறது. காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் பெட்டி திரும்பி வந்துவிடும் என்று பயம்.

டைப் அடிக்கிறவர் ஒரு யோசனை சொல்கிறார். "ஸ்கேலம்மா எதுக்கு? துவைக்கிற பக்கத்து மேஸ்திரி கையெழுத்துப் போட்டா போதும். முத்திரையை நான் வெச்சுத் தரேன், அங்க யாரு வந்து பார்க்கப் போறா" என்கிறார். சரியென்றால் எழுதுங்கள்.

பட்டாணி


ஜூன் 13

பட்டாணி,

படித்தார், குடித்தார், திறந்தார், மூடினார் என்று அவளுக்கு எத்தனை மரியாதை போட்டிருக்கிறாய் என்று எண்ணிப் பார்த்தேன். பத்து விரல் போதவில்லை. உன் அண்ணனுக்குக்கூட நீ இவ்வளவு போட்டதில்லை.

பெட்டியை எடுத்துவிட்டாளா. யார் சொல்லி எடுத்தாள்? மேலே இருக்கிறவர்கள் சொன்னார்களா, அவளாக எடுத்தாளா? எடுக்கிறவள் ஒரு வாரம் முன்னால் எடுத்திருக்கக் கூடாதா? உன் கடிதம் வந்ததிலிருந்து இதே யோசனை. பாத்திரம் கழுவும்போது பாதியில் நின்றுவிடுகிறேன், தங்கை வந்து குழாயை மூடுகிறாள். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஏன், ஏன் என்று ஓர் அரிப்பு வருகிறது. அவள் எதற்கு நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள்? நீ என்ன பதில் சொன்னாய்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

முத்திரை வேண்டாம். டைப் அடிக்கிறவரிடம் கோபப்படாமல் சொல்லிவிடு. பொய்க் காகிதத்தோடு ஒரு துணி அறைக்குள் போனால் என் கை ஒரு மடிப்பும் நேராக மடிக்காது.

உன் அண்ணன் இருந்திருந்தால் இதற்குக் காகிதமே தேவைப்பட்டிருக்காது. இல்லத்துக்குப் போன் போட்டு, அவள் குரலிலேயே எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருப்பார். ரொட்டி வண்டி சீக்கிரம் முடிந்த நாளெல்லாம் நாலரைக்கே வந்து பின்வாசலில் நிற்பார் அல்லவா, நின்று நின்று அந்தக் குரலை அப்படியே பிடித்து வைத்திருந்தார். "பிரி" என்பதற்கும் "மறுபடி" என்பதற்கும் நடுவில் அவள் மூக்கால் ஒரு மூச்சு விடுவாளே, அதைக்கூட விடமாட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டால், நான் சொல்வதற்கு முன்னால் கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்து, "பிரி. மறுபடி" என்பார். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. விளையாடுகிறாரா நிஜமா என்று கட்டினவளுக்கே தெரியாது.

பின்வாசல் கதவுக்கு வெளியிலிருந்து அவர் ஒரு நாள் குரல் கொடுத்தது நினைவிருக்கிறதா. பதினொரு பேர், ஒருத்தி பாக்கியில்லாமல், மடித்து வைத்த விரிப்பை எல்லாம் பிரித்துப் போட்டோமே. அவளே அறையை விட்டு வெளியே வந்து, தான் எப்போது சொன்னோம் என்று விழித்துக்கொண்டு நின்றாளே.

அவருடைய நீலச் சட்டை ஒன்றை இங்கே எடுத்து வந்திருக்கிறேன். தினமும் பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். இப்போது யாரும் சொல்லாமலே.

அண்ணி


ஜூன் 18

அண்ணிக்கு,

"சாப்பிடறாங்க, ஆனா ருசி தெரியாது" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

படிவம் இன்னும் கண்ணாடிக்கு அடியிலேயே கிடக்கிறது. முப்பதுக்குப் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று எழுதாவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். உட்கார்ந்து படியுங்கள்.

அன்றைக்கு ஐந்து மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது நீங்கள் கை கழுவப் போயிருந்தீர்கள். உங்கள் போனை எடுத்தவள் நான். அது துண்டுக்குள் இல்லை. துண்டு தனியாக, நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் பொருந்த அடியில் இருந்தது. போன் அதன் மேல் இருந்தது. நீங்கள் காலையில் சுருட்டித் திணிப்பீர்கள், மடிக்க மாட்டீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குள் அண்ணன் போனிலிருந்து யாரோ அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து மூன்றாவது நாள், நீங்கள் தூங்கும்போது உங்கள் போனைப் பார்த்தேன். ஏழு அழைப்பு என்றுதானே நாம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். தவறியது ஆறுதான் அண்ணி. ஏழாவது தவறவில்லை. மதியம் ரெண்டு ஐம்பது. யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஒரு நிமிஷம் நாற்பது நொடி.

அந்தப் பெட்டிக்கு ஒரே சாவி. அது ஸ்கேலின் ஓட்டையில் நூல் கட்டித் தொங்கிய சாவி.

அதற்காகத்தான் ஐந்தாவது நாள் நான் வேலைக்குப் போனேன். அவரிடம் நேருக்கு நேர் கேட்கப் போனேன். அன்றிருந்த நிலைமையில் உங்களிடம் சொன்னால் நீங்கள் என்ன ஆவீர்களோ என்று சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் நீங்கள் திட்டும்போதுகூட நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏழு மாதமாகத் தினமும் காலையில் இன்றைக்குக் கேட்டுவிடுவேன் என்று போகிறேன். சாயங்காலம் கேட்காமல் வருகிறேன். அவரிடம் எனக்குப் பயம் இல்லை. அண்ணன் வலியில் கத்தியிருந்தால் என்ன செய்வது? அதைக் காதில் வாங்கிவிட்டால் பிறகு வாங்காத மாதிரி இருக்க முடியாதே.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் போனில் என் பெயருக்கு நேராகவும் ஓர் அழைப்பு இருந்தது. உங்கள் போன் விதியை மீறி அடித்தது. என்னுடையது விதியை மதித்து அணைந்து கிடந்தது.

பட்டாணி


ஜூன் 22

பட்டாணி,

ரத்தமா கஞ்சியா என்று கேட்டேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதலில் அது.

தங்கை மகள் என் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாள். அது உயிர் வரும்போது ஒரு பாட்டுப் பாடுமே, அதைக் கேட்டு நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். பிறகு வந்து பார்த்தேன். ரெண்டு ஐம்பது. ஒரு நிமிஷம் நாற்பது நொடி. அவள் தன் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் சும்மா உட்கார்ந்து அந்த நேரம் எவ்வளவு என்று பார்த்தேன். ரொம்ப நேரம், பட்டாணி. ஒரு விரிப்பைப் பிரித்து, உதறி, மடித்து முடித்துவிடலாம். அவ்வளவு நேரத்துக்கு ஒருவரோடு ஒருவர் என்ன பேசியிருப்பார்கள்?

கத்தியிருப்பாரோ என்று நீ பயப்படுகிறாய். எனக்கு அந்தப் பயம் இல்லை. வண்டிக் கதவில் கட்டை விரல் நசுங்கியபோது கதவிடமே மன்னிப்புக் கேட்ட மனுஷன் அவர். என்னைக் கேட்டாரா? அவள் என்ன சொன்னாள்? யார் பேசுகிறது என்று சொன்னாளா? யார் முதலில் போனை வைத்தது? இப்படி ஒவ்வொன்றாகக் கிளம்பி வருகிறது.

தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முதல்ல பேப்பர் வரட்டும்க்கா. ஒரு வாரம் பொறுங்க. வேலை கையில வந்ததும் எது வேணாலும் கேட்டுக்கலாம். இப்பக் கேட்டா அந்தம்மா படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க" என்றார். நல்ல புத்திதான் சொல்கிறார். தன் வீட்டு மேசைக்கு அடியில் என் கால் இன்னும் எத்தனை மாதம் நீண்டிருக்கும் என்றும் அவர் யோசிப்பார், தப்பில்லை.

ஆனால் கேள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே கேள். அவளிடம் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கேட்டால் என் வாய் தானாகத் தணிந்துவிடும். நீ என்ன செய்தாய் என்று கேட்க வேண்டியவள், சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். படிவம் போனால் போகட்டும். மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்ச நாள் படுத்துக்கொள்கிறேன்.

உன்னால் முடியாவிட்டால் சொல், நானே வருகிறேன்.

அண்ணி


ஜூன் 27

அண்ணிக்கு,

கேட்டுவிட்டேன்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம் அறைக்குள் போனேன். மேசை மேல் ஸ்கேல் இருந்தது. பெட்டியை எடுத்தபிறகும் அந்த நூல் மட்டும் அதில் தொங்குகிறது. "அன்னிக்கு எங்க அண்ணன்கிட்ட என்ன பேசினீங்க?" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆறு தடவை அடிச்சுது. ஏழாவது தடவை தாங்கல. அணைக்கத்தான் எடுத்தேன், அவசரத்துல பச்சையை அழுத்திட்டேன். 'யாரு, பக்கத்து மேசைத் தங்கச்சியா?'ன்னார். நான் ஆமான்னுட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தெரியலம்மா. குரல்ல ஒரு சிரிப்பு இருந்தது. நான் யாருன்னு சொன்னா அந்தச் சிரிப்பு போயிடும்னு நினைச்சிருப்பேன். 'அவ மடிச்சுக்கிட்டிருக்காளா?'ன்னார். ஆமான்னேன். 'எத்தனை அடுக்கு ஆச்சு?'ன்னார். ஒன்பதுன்னேன். 'அப்பக் கூப்பிட வேணாம், பத்தை முடிக்கட்டும். லேசா தலை சுத்துது, உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான். பாதியில கூப்பிட்டா ஸ்கேலம்மா விடமாட்டாங்க'ன்னார். அப்புறம் என் குரல்ல, 'பிரி. மறுபடி'ன்னார். நானே பேசின மாதிரி. சிரிச்சார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. 'ஸ்கேலம்மாவும் பாவம்தான், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க'ன்னார். 'அஞ்சு மணிக்கு வாசலுக்கு வந்துடறேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லுங்க'ன்னார். வெச்சுட்டார்."

"நீங்க சொல்லல."

"சொல்லல. கோபம். ரொட்டி வண்டிக்காரர் வரைக்கும் என்னை இப்படிப் பேசறாங்களேன்னு. துண்டை மடிச்சேன், போனை மேல வெச்சேன், பூட்டினேன். இங்க உட்கார்ந்து உங்க அண்ணியையே பார்த்துக்கிட்டிருந்தேன். பத்தாவது அடுக்கு முடிஞ்சுது. எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துட்டேன். பதினொண்ணு முடிஞ்சுது. பன்னெண்டு முடிஞ்சுது. தலை சுத்தல்தானேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அண்ணி, எழுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் சொல்லும்போது நடுவில் ஒரு தடவை அண்ணன் குரல் வந்துவிட்டது. அண்ணன் பேசிக் காட்டிய அவர் குரலை அவரே பேசிக் காட்டினார், அந்த மூச்சோடு. அது அவர் குரலா அண்ணன் குரலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன். சொன்னார். ரெண்டு பேரும் அழுதோம் என்று நினைக்காதீர்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் ஸ்கேலைப் பார்த்தேன்.

பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்து படிவத்தை உருவி, என் எதிரிலேயே எழுதினார். நிறுத்தாமல் எழுதினார். உறையை ஒட்டித் தானே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "அது உங்க அண்ணி வேலைக்கு. உனக்கு எதுக்கு?" என்றார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு வெளியே போய், பக்கத்து மேசைக்காரியின் அடுக்கைக் கலைத்துப் போட்டார். அவள் பாவம், ரொம்ப நாளைக்கப்புறம் வாங்கியதில் முழித்துக்கொண்டு நின்றாள்.

போய்ச் சேர்ந்ததா, என்ன இருந்தது என்று உடனே எழுதுங்கள்.

பட்டாணி


ஜூலை 4

பட்டாணி,

மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். காலை நீட்டினால் சுவர் இடிக்கிறது, ஆனால் என் சுவர்.

படிவம் முப்பதாம் தேதி பதினொரு மணித் தபாலில் வந்தது. நான் ஒன்பது மணியிலிருந்தே அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போட்ட பெண் உறையைப் பிரித்துப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"இதை உங்ககிட்டக் காட்டக் கூடாதுக்கா. ஆனா இந்த மாதிரி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல. படிக்கறேன், நான் படிச்சேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். உன் அண்ணன் சொன்ன மாதிரியே சொல்கிறாளே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேலைத் திறமை என்கிற இடத்தில், "பதினான்கு வருடம் தினமும் அளந்தேன். மூன்று முறை தவறியது" என்று இருந்தது. எந்த மூன்று என்று எனக்குத் தெரியும். மூன்றும் சரிதான். நம்பிக்கை என்ற இடத்தில், "உண்டு. போனை மட்டும் அணைக்க மாட்டார்." எதனால் நின்றார் என்ற இடத்தில், "சொல்லாமல் நின்றார். அதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லாமல் இருந்தேன்." மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்பதற்கு, "அவரைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்கும் இடத்தில் நான் இல்லை."

அந்தப் பெண், "எதை அவங்க சொல்லல?" என்று கேட்டாள். அவளுக்கும் என் வியாதி ஒட்டிக்கொண்டது. இன்னொரு நாள் சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வேலை.

இங்கே ஸ்கேல் இல்லை. கையாலேயே அளந்து மடிக்கிறேன், அதே அகலம்தான் வருகிறது. போனை மேலங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன், துண்டு இல்லாமல். நேற்று முதல் தடவை அடித்தது, தங்கைதான். நாலாவது மணியில் எடுத்தேன். நீ இனி போன் போடலாம். ஆனாலும் கடிதத்தை நிறுத்தாதே.

அவளை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்பாய். அதற்கு இன்னும் நான் வந்து சேரவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அவள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்த அடுக்குகளை நான் தினமும் மடித்துப் பார்க்கிறேன். பத்தாவது முடிந்ததும் எழுந்தாள் என்றாயே. அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

ஆனால் அதைவிட வேறொன்று குடைகிறது. உன்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது, உனக்கும் தெரியப் போவதில்லை. பக்கத்து மேசைக்காரிக்குக் கட்டைத் தொண்டை. அவளோடு உன் அண்ணன் வாசலில் எத்தனை தடவை பேசியிருக்கிறார். வீட்டில் ஒரு நாளாவது, ஸ்கேலம்மா பாவம் என்று அவர் வாயில் நான் கேட்டதில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் விளையாடுகிற ஆள் அவர். பின்வாசலில் நின்றே அந்தக் குரலை மூச்சு வரைக்கும் பிடித்தவருக்கு, அன்றைக்கு 'ஆமா' என்று சொன்னது யாருடைய குரல் என்று தெரியாமலா இருந்திருக்கும்?